மலையேறாத சாமி: உஷார்!

வீட்டில் ஒருவர் மூன்று நாளாகக் கண்ணை மூடவில்லை, சோறு இறங்கவில்லை, "சாமி என்கிட்ட நேரா பேசுது, ஒரு காரியம் செய்யச் சொல்லுது" என்கிறார். அப்படியானால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவைத்துவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பேசுவது சாமியா நோயா என்ற பட்டிமன்றத்தை அப்புறம் நடத்திக்கொள்ளலாம். அதிலும் அவர் போன வாரம் பிள்ளை பெற்ற தாய் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். அதுவரை குழந்தையை அவரோடு தனியாக விடவும் வேண்டாம்.

என்ன இது, எடுத்த எடுப்பிலேயே இப்படி அலறுகிறானே என்று தோன்றும். அலறத்தான் வேண்டியிருக்கிறது. குரல் கேட்க ஆரம்பித்த ஒரு பிள்ளை, மனநல மருத்துவர் முன்னால் வந்து உட்காருவதற்குள் நம் ஊரில் எத்தனை வாசல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது! குலதெய்வக் கோயில், குறி சொல்பவர், கோடங்கி, தர்கா, ஜெபக் கூட்டம், கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு சாமியார் மடம். நகை அடகுக்குப் போய், படிப்பு நின்று, தூரத்து உறவில் நர்ஸாக இருக்கும் அத்தை ஒருத்தி அடித்துச் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரி. அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும், சில வீடுகளில் வருடங்கள். மனச்சிதைவு போன்ற நோய்களில், சிகிச்சை இல்லாமல் கழியும் காலம் நீள நீள நோயைக் கட்டுக்குள் கொண்டுவருவது கடினமாகிறது. பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த சங்கதி இது. உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் பதின்பருவத்தின் முடிவிலோ இருபதுகளிலோ அது தலைகாட்டும். கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் வயது அது.

கடவுள் ஒருவரிடம் பேசினாரா என்ற கேள்விக்கு விஞ்ஞானத்திடம் பதில் கிடையாது. அதை அளக்கும் கருவி தன்னிடம் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இந்த மனிதரின் மூளை இந்த வாரம் நலமாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ரத்தப் பரிசோதனை, மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி, தேவைப்பட்டால் ஸ்கேன், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நல்ல மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரம், இவை இருந்தால் அதற்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். முதல் கேள்விக்குத் தீர்ப்பு வரட்டும் என்று இரண்டாவதைத் தள்ளிப்போடுவதுதான் வீட்டார் செய்யும் தப்பு. முதலாவது பல ஆயிரம் வருடமாக நிலுவையில் கிடக்கும் வழக்கு. இரண்டாவதற்கு வாய்தா வாங்க முடியாது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு கோர்ட் தீர்ப்பே இருக்கிறது. பவேரியா மாநிலத்தில் கிளிங்கென்பெர்க் என்ற சிற்றூர். அங்கே பக்தியில் ஊறிய ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் ஆனலீஸ் மிஷெல். 1968இல் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. மூளையின் பொட்டுப்பகுதியில் தோன்றும் வலிப்பு என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள். பள்ளியை முடித்து வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்தாள். ஆனால் ஜெபம் செய்யும்போது கோரமான முகங்கள் தெரிந்தன. நீ நரகத்துக்குத்தான் போவாய் என்று குரல்கள் சொல்லின. மருந்தில் முழு நிவாரணம் கிடைக்கவில்லை. பிசாசு பிடித்திருக்கிறது என்ற முடிவுக்குக் குடும்பம் வந்தது. 1975 செப்டம்பரில் பேயோட்டும் சடங்குக்கு ஆயர் அனுமதி கொடுத்தார். இரண்டு குருமார்கள், பத்து மாதங்கள், 67 அமர்வுகள். அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். 1976 ஜூலை 1 அன்று இறந்தபோது வயது 23, எடை சுமார் 30 கிலோ. காரணம், பட்டினியும் உடலில் நீர் வற்றியதும்.

1978இல் பெற்றோரும் இரு குருமார்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகக் குற்றவாளிகள் ஆனார்கள். ஆறு மாதத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. இந்தக் கதையில் கொடியவர் யாரும் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். பெற்றோருக்கு மகள்மேல் உயிர். குருமார்கள் முறைப்படி அனுமதி வாங்கியவர்கள். அந்தப் பெண்ணோ படித்தவள். உள்ளே இருப்பது பிசாசா இல்லையா என்று பத்து மாதம் ஆராய்ந்த அந்த வீட்டில், வாரம் ஒருமுறை எடை பார்த்து யாராவது பயந்திருந்தால் போதும், அவள் பிழைத்திருக்க வழி இருந்தது. 2005இல் இதைத் தழுவி ஹாலிவுட்டில் ஒரு பேய்ப்படம் எடுத்தார்கள், நன்றாக ஓடியது.

சரி, இல்லாத குரல் எப்படிக் கேட்கிறது? 1993இல் லண்டனில் மனச்சிதைவு நோயாளிகள் சிலரின் மூளையைக் குரல் கேட்கும் நேரத்திலேயே படமெடுத்துப் பார்த்தார்கள். பேச்சை உருவாக்குகிற ப்ரோக்கா பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. அதாவது, காதில் விழும் அந்த வாக்கியத்தை அவருடைய மூளையே தயாரிக்கிறது. நாம் எல்லோரும் மனதுக்குள் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். அது நம்முடைய பேச்சு என்று மூளை அடையாளம் வைத்துவிடுவதால் நமக்குத் திகைப்பில்லை. அந்த அடையாளம் தவறிப்போனால் சொந்தப் பேச்சே அடுத்தவர் குரலாகக் கேட்கும். அவர் நடிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. "சும்மா நடிக்காதே" என்று அதட்டுகிற மாமாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2017இல் யேல் பல்கலைக்கழகத்தினர் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. திரையில் கட்டம் போட்ட படம் ஒன்றையும் கூடவே மெல்லிய ஓசை ஒன்றையும் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு சத்தமில்லாமல் ஓசையை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டினார்கள். வழக்கமாகக் குரல் கேட்பவர்கள், மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக "ஓசை கேட்டது" என்றார்கள். எதிர்பார்ப்பு கூடினால் காதுக்கு வேலையே இல்லை, மூளையே கேட்டுக்கொள்ளும். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தில் நோயாளிகளும் இருந்தார்கள், ஆவிகளின் குரல் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு நோயில்லாமல் வாழ்கிற குறிசொல்லிகளும் இருந்தார்கள். இரு சாராருக்கும் ஓசை கேட்டது. ஆனால் படமும் ஓசையும் இனி சேர்ந்து வருவதில்லை என்று நிலைமை மாறியபோது, நோயாளிகளுக்குத் தங்கள் நம்பிக்கையைத் திருத்திக்கொள்வது கடினமாக இருந்தது. குரல் கேட்பதைவிட, கேட்டதைச் சந்தேகிக்கும் சக்தி போய்விடுவதுதான் நோயின் பக்கம் இழுக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஏனென்றால் கேட்பதும் காண்பதும் மட்டுமே நோயாகிவிடாது. 1894இல் இங்கிலாந்தில் சுமார் 17,000 பேரிடம் விசாரித்து ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டார்கள். முழு விழிப்பில், எதிரே இல்லாத உருவத்தையோ குரலையோ ஒரு தடவையாவது உணர்ந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 1971இல் வெளியான ஓர் ஆய்வுக்காக வேல்ஸ் பகுதியில் டாக்டர் டேவி ரீஸ், துணையை இழந்த 293 பேரைச் சந்தித்தார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் போனவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். சிலருக்குக் குரல், சிலருக்கு உருவம். பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஆனால் இதைப் பற்றிப் பெரும்பாலோர் வெளியே வாயைத் திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, "அவர் கூடத்துல இருமுற சத்தம் கேட்டுச்சு" என்று பாட்டி சொன்னால் பதறாதீர்கள். பாட்டி சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, சீரியல் பார்க்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள்.

கோயில் கொடையில் அருள் வருகிறதே, அதை என்னவென்று சொல்வது? நவீன மனநல மருத்துவம் அதை நோய்ப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஒரு சமூகம் ஒப்புக்கொண்ட சடங்குக்குள், ஒப்புக்கொண்ட நேரத்தில் வந்து போகும் ஆவேசத்தை மருத்துவ நூல்களே விலக்கி வைக்கின்றன. நம்மவர்கள் இதற்குப் புத்தகம் படிக்கத் தேவையில்லை. உடுக்கை அடித்தால் சாமி வரும். யார்மேல் வரும் என்று ஊருக்குத் தெரியும். வாக்குச் சொல்லும். திருநீறு போட்டுக் கற்பூரம் காட்டினால் மலையேறிவிடும். சாமியாடிய பெரியப்பா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுநாள் காலையில் வயலுக்கோ கடைக்கோ போய்விடுவார். நாம் பயப்பட வேண்டியது மலையேறாத சாமிக்கு. கொடை முடிந்து, பந்தல் பிரித்து, வாடகைப் பாத்திரமெல்லாம் திரும்பிப் போன பிறகும் இறங்காமல், ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி, வேலைக்குப் போகாதே, சோறு தின்னாதே, அவன் உனக்கு விஷம் வைக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் குரல் எந்தச் சடங்கிலும் அடங்காது.

குரல் அன்பாகப் பேசுகிறது, நல்லதுதான் சொல்கிறது என்று சமாதானம் ஆகிவிடுவது இன்னொரு ஆபத்து. மானுடவியலாளர் டான்யா லூர்மனும் சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பு மருத்துவர்களும் சேர்ந்து ஓர் ஒப்பீடு செய்தார்கள். அமெரிக்காவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை, ஒவ்வொரு ஊரிலும் இருபது நோயாளிகள். அமெரிக்கர்களுக்குக் கேட்ட குரல்கள் பெரும்பாலும் வன்முறையாகப் பேசின. அக்ராவில் பலர் கடவுளின் குரல் என்றார்கள். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அம்மா, மாமியார், அக்கா என்று சொந்தக்காரர்களின் குரல் கேட்டது. குளி, சமை, வீட்டைக் கூட்டு என்று வேலை ஏவியது, திட்டியது, புத்தி சொன்னது. கேட்கச் சுவாரசியமாக இருக்கிறதல்லவா? ஆனால் மூன்று ஊரிலும் இருந்தவர்கள் தீவிர மனநோய் உள்ளவர்களே. நம் ஊரில் நோய்கூட அம்மாவின் குரலில், அம்மனின் குரலில் வருகிறது என்றால், அதை நோய் என்று சந்தேகிக்க வீட்டாருக்கு அத்தனை நாள் பிடிக்கும். நான் பயப்படுவது அங்கேதான்.

மனநோய் என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் உடம்பையும் பார்க்க வேண்டும். தரிசனமாகத் தெரியும் பல நோய்களின் வேர் உடம்பில் இருக்கிறது. பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், கடுமையான மனப்பிறழ்வு வருகிறது. தூக்கம் போகும், பேச்சு தாறுமாறாகும். குழந்தை தெய்வப்பிறவி என்றோ, அதற்குள் சாத்தான் புகுந்துவிட்டது என்றோ உறுதியாகத் தோன்றும். 2001 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஒரு தாய், சாத்தானிடமிருந்து காப்பாற்றுவதாக நம்பித் தன் ஐந்து குழந்தைகளின் உயிரையும் பறித்தார். மனநோயின் பிடியில் செய்ததால் குற்றவாளி இல்லை என்று 2006இல் தீர்ப்பானது. உடனே மருத்துவமனையில் சேர்த்தால் இந்த நோய் நன்றாகக் குணமாகும் என்பதுதான் ஆற்றாமையைக் கூட்டுகிறது. பிள்ளை பெற்றவள் பிதற்றுகிறாள் என்றால் காத்துக் கருப்பு என்று வேப்பிலையைத் தேடாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கார்த்திகையில் மாலை போடுகிறவர்களின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் விரதத்துக்காக ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் வரலாம். சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், உருவங்கள் தெரியும். ஐயப்பன் காட்சி கொடுத்துவிட்டார் என்று சரணம் போட்டுக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். இந்த நிலைக்குச் சிகிச்சை தராவிட்டால் உயிருக்கே ஆபத்து. குடியை நிறுத்துவது நல்ல காரியம்தான், அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

பொட்டுப்பகுதி வலிப்பில் கைகால் வெட்டாமலே போகலாம். சில வினாடிகள் வெறித்த பார்வை, உதட்டைச் சப்புதல், இல்லாத ஒரு வாசனை, உலகமே புரிந்துவிட்டது போன்ற ஓர் ஆனந்தம், பிறகு குழப்பம். இதே வரிசை அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால் ஈஈஜி எடுத்துப் பார்க்க வேண்டும். வலிப்பு நோயாளியான தஸ்தயேவ்ஸ்கி இந்த ஆனந்தத்தை உள்ளிருந்து அறிந்தவர், 'அசடன்' நாவலின் மிஷ்கினுக்கு அதைக் கொடுத்தார். 2007இல் யோசெப் தல்மாவ் குழுவினர் அடையாளம் கண்ட மூளை அழற்சி ஒன்று இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வரும். சில வாரங்களுக்குள் குணம் மாறி, குரல் கேட்டு, வாய் கோணி, வலிப்பு வந்து, பார்ப்பவர் யாரும் பேய் என்றுதான் சொல்வார்கள். பலருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருக்கும். கட்டியை எடுத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் மீள்கிறார்கள். 2007க்கு முன்னால் எத்தனை பெண்கள் வேப்பிலை அடி வாங்கியே செத்தார்களோ! இவை தவிர ஊமத்தை விதை, கஞ்சா, வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, இவையெல்லாமே இல்லாததைக் காட்டும்.

மறுபக்கமும் உஷாராக இருக்க வேண்டும். மூளையில் கடவுள் பட்டனைக் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆகவே கடவுள் பொய் என்று சொல்லும் அரைகுறைகளையும் நம்பாதீர்கள். கனடாவின் மைக்கேல் பெர்சிங்கர் மெல்லிய காந்தப்புலம் பாய்ச்சும் தலைக்கவசம் ஒன்றைச் செய்தார். அதை மாட்டினால் அருகே யாரோ இருப்பது போன்ற உணர்வு வருகிறது என்றார். பத்திரிகைகள் கொண்டாடின. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தினர் 2005இல், யாருக்குக் காந்தப்புலம் பாய்கிறது என்று சோதிப்பவருக்கும் தெரியாதபடி அதே சோதனையைச் செய்தார்கள். காந்தப்புலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பலன்தான். பிறர் சொல்லுக்கு எளிதில் வசப்படுகிறவர்களுக்கே அந்த உணர்வு வந்தது. நம் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன், பொட்டுப்பகுதி வலிப்பு உள்ள ஓரிருவரைச் சோதித்து, சமயச் சொற்களுக்கு அவர்கள் தோலின் மின்கடத்துதிறன் வழக்கத்துக்கு மாறாக எகிறுவதைக் கண்டார். மிகச் சிறிய சோதனை. இதை வைத்துக் கடவுள் இல்லை என்றோ உண்டு என்றோ முடிவு கட்ட முடியாது என்பதை அவரே தெளிவுபடுத்தினார். எதிரே நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்கும்போதும்தான் மூளையில் ஒரு பகுதி சுறுசுறுப்பாகிறது. அதனால் அம்மா பொய்யாகிவிடுவாளா?

வெளிப்பாடு உண்மையா என்று பார்க்க ஒரே ஒரு நேர்மையான வழிதான் எனக்குத் தெரியும். வந்த வழியை விட்டுவிட்டு, வந்த சரக்கைச் சோதிப்பது. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களைக் காட்டுகிறாள் என்று கணித மேதை ராமானுஜன் சொன்னார். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகத்தின் குமாஸ்தாவாக இருந்துகொண்டு அவர் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதியபோது, அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டி தாயாரைப் பற்றி விசாரிக்கவில்லை. ஹார்டியோ கடவுள் நம்பிக்கை இல்லாதவர். நிரூபணம் எங்கே என்று கேட்டார். பெரும்பாலான சூத்திரங்கள் தேறின, சில இன்றைக்கும் கணிதக்காரர்களுக்கு வேலை கொடுக்கின்றன. ஆனால் பகா எண்களைப் பற்றி ராமானுஜன் உறுதியாக எழுதியவற்றில் முக்கியமான சில தவறாகிப் போயின. அவ்வளவு பெரிய மேதைக்கு உதித்தவற்றையே உரசிப் பார்த்துத்தான் ஏற்றார்கள். வீட்டுப் பத்திரத்தை ஆசிரமத்துக்கு எழுதிவை என்று யாருக்கோ வந்த அருள்வாக்கை உரசாமல் ஏற்பது என்ன நியாயம்?

உரசிப் பார்ப்பது தெய்வக் குற்றம் என்று மிரட்டுகிறவர்களுக்குச் சமயங்களே பதில் சொல்லியிருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில், தானே காட்சிகள் கண்ட அவிலா தெரசாள், காட்சி காண்பதாகச் சொல்லும் பலவீனமான கன்னியரின் நோன்பைக் குறைத்து, நன்றாகச் சாப்பிடவும் தூங்கவும் வைக்கும்படி மடத்துத் தலைவியருக்கு எழுதினார். 2024 மே மாதம் வத்திக்கான் புதிய விதிகளை வெளியிட்டது. இனி ஒரு காட்சியை இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று ஆயர்கள் வழக்கமாக அறிவிக்க மாட்டார்கள். அதிகபட்சம், பக்திக்குத் தடையில்லை என்று சொல்வதோடு நின்றுகொள்வார்கள். திருவண்ணாமலையில் தரிசனம் கண்டதாகச் சொன்னவர்களை, கண்டது யார் என்று விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியவர் ரமணர். உங்கள் தெருமுனைச் சாமியார் மட்டும் விசாரணைக்கு அப்பாற்பட்டவரா?

ரகசியம் என்ற வார்த்தை வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டெல்லி புராரியில் 2018 ஜூலை 1 அன்று ஒரே வீட்டில் பதினொரு பேர் இறந்து கிடந்தார்கள். இறந்துபோன தந்தை தன் மூலம் பேசுவதாக ஒரு மகன் சொன்னதும், வருடக்கணக்காக அந்தக் கட்டளைகளை நோட்டுகளில் எழுதிவைத்துக் குடும்பமே அதன்படி நடந்ததும் பிறகு தெரியவந்தன. கடைசியாகச் செய்ததும் ஒரு சடங்குதான். அதிலிருந்து உயிரோடு மீள்வோம் என்றே அவர்கள் நம்பியிருக்கிறார்கள். கடை வைத்திருந்த குடும்பம், பிள்ளைகள் படித்தவர்கள், அக்கம்பக்கத்தாருக்கு நல்லவர்கள். வீட்டுக்கு வெளியே ஒரே ஒருவருக்கு அந்தக் குரலைப் பற்றித் தெரிந்திருந்தால்? ஒருவரின் பிரமை, அவரை நம்பி ஒண்டி வாழ்பவர்களுக்கும் தொற்றும் என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. இப்போது கூடவே ஒரு புது ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. ராத்திரி முழுக்கச் செயற்கை நுண்ணறிவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, தான் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று காலையில் அறிவிக்கும் இளைஞர்களைப் பற்றிச் செய்திகள் வருகின்றன. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு, பேசுகிறவருக்கு அளவுக்கு மீறி ஆமாம் போடுகிறது என்று ஓபன்ஏஐ நிறுவனமே ஒப்புக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றது. ஆமாம் சாமி போடுகிற இயந்திரம் தூங்காத மூளைக்கு நல்லதல்ல.

அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் என்ன பேசுவது? வாதாடாதீர்கள், "சாமியெல்லாம் பேசாதுடா" என்று சிரிக்காதீர்கள். ஆமாம், எனக்கும் கேட்கிறது என்று ஒத்தும் ஊதாதீர்கள். "உனக்குக் கேட்குதுன்னு தெரியுது கண்ணு, நீ தூங்கி மூணு நாளாச்சு, அதுக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்று தூக்கத்தைப் பிடித்துப் பேசுங்கள். அந்தக் குரல் உன்னையோ மற்றவரையோ ஏதாவது செய்யச் சொல்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். ஆமாம் என்று சொன்னால் அது அவசர நிலை, கத்தி, கயிறு, மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கைக்கெட்டக் கூடாது, ஆளைத் தனியாகவும் விடக்கூடாது. கும்பிடுவதை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. திருநீறும் பூசிக்கொள்ளட்டும், மாத்திரையும் விழுங்கட்டும். ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கும் திட்டத்துக்குத் 'தவா-துவா' என்று பெயர், மருந்தும் பிரார்த்தனையும்.

அதே ஏர்வாடியில்தான் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். சாமி குணமாக்கும் என்று வீட்டார் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள். மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. ஒருவருடைய மத நம்பிக்கை ஊராரோடு ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து அவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கட்டிப்போடுகிறவர், பட்டம் கட்டுகிறவர் இருவருமே சட்டத்துக்கு வெளியே.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னைக்காரர்களுக்கு 1794இலிருந்து இயங்கிவரும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 108. என்ன செய்வது என்று புரியவில்லை, யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.